கூடைக்கு அடியில் நிற்கிறவள்

ஜனவரி 4, திருப்பூர்

வந்து சேர்ந்தேன். அணிக்கு தண்டர்ஸ் என்று பெயர். இடியாம். போன வருடம் எட்டு அணிகள் ஆடிய மகளிர் லீக்கில் இவர்கள்தான் எட்டாவது. இடி யார் தலையில் விழுந்தது என்று முதலாளி சென்னியப்பன் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பனியன் ஏற்றுமதி செய்கிறவர். கூடைப்பந்தில் பந்து உருண்டை என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும்.

ஆனாலும் ஒரே ஒரு உருப்படியான வார்த்தை சொன்னார். "பியூலா மேடம், உங்கள மாதிரி ஒருத்தரு கூடைக்கடியில நின்னாப் போதுமுங்க. எவளும் உள்ள வர மாட்டா."

அவ்வளவுதான் தடுப்பாட்டம். இதற்குப் போய் ஒரு கோச் எதற்கு?

கோச் யார் என்று பார்த்தால் கோதை. மாநில அணியில் நான் கேப்டனாக இருந்தபோது பெஞ்சில் உட்கார்ந்து எனக்கு டவல் எடுத்துக் கொடுத்த அதே கோதை. இந்தியாவுக்கு நான் ஆறு வருடம் ஆடினேன். இவள் ஆறு நிமிடம் ஆடியதில்லை. என் தோள் உயரம்கூட வர மாட்டாள். இப்போது கழுத்தில் விசில்.

"வாங்க்கா, சாப்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள். என்னைவிட நாலு வயது சிறியவள் என்னை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே எனக்கு உத்தரவு போடப் போகிறாள். எப்படி என்று பார்க்கலாம்.

அறையை இரண்டாவது மாடியில் கொடுத்திருந்தார்கள். லிஃப்ட் ஓடவில்லை. சமையலறைக்குப் பக்கத்தில் கீழே ஓர் அறை சும்மா கிடந்தது, மாற்றிக்கொண்டேன். மேலே வெயில் அதிகம்.

ஜனவரி 5

காலை முழுவதும் யாரும் கூடையில் பந்து போடவில்லை. கோதை ஒரு ஓரத்தில் நின்று பந்தை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தட்டிவிடச் சொன்னாள். பந்து நகரும்போதெல்லாம் நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து நகர வேண்டுமாம். பந்து வைத்திருப்பவளை ஒருத்தி தடுப்பாள், மற்ற நால்வரும் அவள் ஏமாந்தால் எங்கே போவது என்று முன்கூட்டியே ஒரு காலை எடுத்து வைத்திருக்க வேண்டும். ஏமாறுவாள் என்று எடுத்த எடுப்பிலேயே முடிவு செய்துவிட்டு ஆடுகிற ஆட்டத்தை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

இதில் எந்நேரமும் கத்த வேண்டுமாம். "பேசுங்க, பேசுங்க! பின்னாடி நிக்கறவங்களுக்குத்தான் மைதானம் முழுசாத் தெரியும். பாத்ததச் சொல்லுங்க!" பின்னால் நிற்பது நான்தான். நான் கத்தவில்லை. காய்கறிச் சந்தையில் நிற்பது போல நால்வரும் ஓலமிட்டது போதும்.

கார்டாக, அதாவது கூடைக்குத் தள்ளி வெளியே நின்று, ஆடுகிற பெண்ணின் பெயர் அபிநயா. பெரியகுளம். இருபத்திரண்டு வயது. கையளவு உடம்பு. ஓடுகிறாள், ஓடுகிறாள், எதற்கு ஓடுகிறாள் என்றே தெரியாமல் ஓடுகிறாள். தான் மறிக்க வேண்டிய எதிராளியை விட்டுவிட்டு அடிக்கடி என் பக்கம் வந்து நிற்கிறாள். "ஒன் இடம் இதுவாட்டீ?" என்று கேட்டேன். "இல்லக்கா, சும்மாதேன்" என்று இளித்தாள்.

ஜனவரி 9

முழங்கால் உறைகளைத் துவைத்துக் காயப்போட்டேன். ஐஸ் கட்டி வாங்க ஆள் அனுப்பினேன். எல்லோரும்தான் ஐஸ் வைக்கிறார்கள்.

ஜனவரி 13

இன்றைய ஞானோபதேசம்: எதிராளி உன்னைத் தாண்டிப் போய்விட்டால் அவளைத் துரத்தாதே. உன்னைக் காப்பாற்ற ஒருத்தி தன் ஆளை விட்டுவிட்டு வருவாள் அல்லவா, அவள் விட்டுவந்த ஆளைப் போய்ப் பிடி.

"தொரத்துனா ரெண்டு பேரு ஒருத்திய புடிச்சிட்டு நிப்பீங்க. ஒருத்தி சும்மா நிப்பா. பந்து அவகிட்டப் போயிரும்," என்றாள் கோதை.

நான் கேட்டேன்: "பின்னாலேயே போயி பந்தத் தட்டி விட்டா?"

"தட்டலாமுங்க்கா. பத்துல ரெண்டு தட்டலாம்."

பத்தில் ரெண்டாம். கூடைக்குப் போகும் பந்தை நான் தட்டிவிடுகிற அந்தப் பிளாக்குகளைப் பார்க்கத்தான் ஜனம் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தது. கோதை வருவாள் என்று எவனும் வந்ததில்லை. என்னைத் தாண்டிப் போகிறவர்களைப் பற்றிய பாடம் எனக்கு எதற்கு என்று தண்ணீர் குடிக்கப் போய்விட்டேன். திரும்பி வரும்போது என் இடத்தில் அபி நின்று செய்துகொண்டிருந்தாள்.

ஜனவரி 15

பொங்கல். மெஸ்ஸில் சர்க்கரைப் பொங்கல் என்று ஒன்று கொடுத்தார்கள். சாந்துச் சட்டியில் கிளறியிருப்பார்கள்.

ஜனவரி 20

முதல் ஆட்டம், மதுரையோடு. நாலு பிளாக். ஒன்றில் பந்து கேலரியில் போய் விழுந்தது. கூட்டம் எழுந்து நின்றது. சென்னியப்பன் பேரனைத் தூக்கிக் காட்டினார்.

தோற்றோம். பதினெட்டுப் புள்ளி வித்தியாசம். வெளியிலிருந்து மதுரைப் பெண்கள் மூன்று புள்ளி ஷாட்டாகப் போட்டுத் தள்ளினால் கூடைக்கு அடியில் நிற்கிறவள் என்ன செய்ய முடியும்? வெளியே நிற்கிறவர்கள் எதற்கு இருக்கிறார்கள்?

ஆட்டம் முடிந்ததும் கோதை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பழச்சாறு கொடுத்தாள். "இனிமே நீங்க வெளிய வர வேண்டாமுங்க்கா. எவ ஸ்கிரீன் வெச்சாலும் நீங்க உள்ளயே நில்லுங்க. மத்தத நாங்க பாத்துக்கறம்."

ஸ்கிரீன் என்பது எதிரணிக்காரி ஒருத்தி சுவர் மாதிரி வந்து நின்று நம் ஆளை மறிப்பது. மறித்த சமயத்தில் பந்து வைத்திருப்பவள் நழுவிவிடுவாள். அப்போது சென்டர், அதாவது கூடைக்கு அடியில் நிற்கிறவள், முன்னால் பாய்ந்து அவளை மடக்க வேண்டும். பதினைந்து வருடமாக நான் அப்படித்தான் பாய்ந்திருக்கிறேன். என்னை உள்ளேயே நிற்கச் சொல்கிறாள். வீட்டுக்கு வந்த கிழவியை நாற்காலியில் உட்காரவைப்பது போல.

ஜனவரி 27

கோவாவோடு ஜெயித்தோம். கோவா ஓர் அணியே இல்லை.

ஒன்று கவனித்தேன். எல்லா அணிக்காரிகளும் என் பக்கமாகவே வருகிறார்கள். எங்கே நின்றாலும் ஸ்கிரீன் வைக்க நான் மறிக்கிற ஆளைத்தான் கூப்பிடுகிறார்கள். என் மேல் இத்தனை பயம் இருந்தும் என்னிடமே வருகிறார்கள். புத்தியில்லாத கூட்டம்.

வீட்டுக்காரர் ஜெபசிங் ஃபோன் செய்தார். பாளையங்கோட்டையில் மழையாம். டிவியில் ஆட்டம் பார்த்தாராம். "ஒனக்குப் பக்கத்துல ஒரு சின்னப் புள்ள நிக்காளே, அவ யாரு? எப்பப் பாத்தாலும் ஒன் வலப்பக்கமே ஓடியாராளே," என்றார். இடம் தெரியாதவள் என்றேன்.

பிப்ரவரி 3, கொச்சி

எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

கொச்சியில் ஜிஷா என்று ஒருத்தி. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றிப் பார்க்க வந்தவள் மாதிரி நடப்பாள். அவர்களுடைய சென்டர் வந்து ஸ்கிரீன் வைப்பாள். ஜிஷா இரண்டு எட்டு வைத்து நின்ற இடத்திலிருந்து போடுவாள். மறுபடி அதே. மறுபடி அதே. அபி ஸ்கிரீனை உரசிக்கொண்டு ஒவ்வொரு தடவையும் பின்னாலேயே ஓடினாள்.

மூன்றாவது கால்பகுதியில் அபி ஜிஷாவைப் பார்த்தபடியே பக்கவாட்டில் ஓடி வந்தாள். கொச்சி சென்டர் அசையாமல் நின்றிருந்தாள், ஆறடி, நல்ல கனம். அபி திரும்பினாள், திரும்பிய வேகத்தில் அவள் தோளில் முகத்தை மோதினாள். சத்தம் எனக்குக் கேட்டது. உதடு கிழிந்து, முன்பல் உடைந்து, தரையில் ரத்தம். ஆட்டத்தை நிறுத்தித் துடைத்தார்கள்.

என்னிடமிருந்து மூன்றடி தூரம். ஸ்கிரீன் வருவதை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கண் இருந்தால் பார்த்து ஓட வேண்டியதுதானே.

தோற்றோம்.

பிப்ரவரி 4

கொச்சியிலேயே ஒரு மருத்துவமனையில் அபிக்குத் தையல் போட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் காலை ரயிலில் கிளம்பினார்கள். அந்தப் பக்கம் எனக்கு ஒரு வேலை இருந்ததால் நான் தங்கினேன். எட்டிப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன்.

நான்கு தையல். முகம் வீங்கி உதட்டைத் திறக்க முடியாமல் கிடந்தாள். இளநீர் வாங்கிப் போயிருந்தேன், ஸ்ட்ரா வைத்துக் குடித்தாள். பல் டாக்டர் மத்தியானம்தான் வந்தார். மலையாளத்தில் பேசிக்கொண்டே போனார், நான்தான் திரும்பத் திரும்பக் கேட்டுப் புரிந்துகொண்டேன். கடைசி பஸ்ஸில் இருவரும் வந்தோம். என் தோளில் சாய்ந்து வாயில் எச்சில் ஒழுகத் தூங்கினாள். சட்டை பாழ்.

பாலக்காடு தாண்டும்போது விழித்தாள். "கோவமாக்கா?" என்றாள் பாதி வாயால்.

"எனக்கென்னத்துக்குட்டீ கோவம்?"

"இல்ல, நா வேகமா வரலேன்னு..."

பேசாமல் கிட என்றேன். தையல் பிரியும்.

பிப்ரவரி 5

கோதை வீடியோ போட்டாள். இந்தத் தடவை சத்தத்தோடு. மைதானத்துக்குப் பக்கத்தில் மைக் வைத்து எடுத்தார்களாம். நால்வர் குரலும் கேட்கிறது. "பந்து! பந்து!" "எடது!" "நா இருக்கேன், போ!" அபியின் கீச்சுக்குரல்தான் அதிகம். என் குரல் மட்டும் கேட்கவில்லை. ரெக்கார்டிங் சரியில்லை.

அபி மோதுகிற இடம் வந்தபோது கோதை வீடியோவை நிறுத்திவிட்டாள். அதைக் காட்டவில்லை. காட்டியிருக்கலாம். என்னைப் பார்க்கவும் இல்லை. யாருமே பார்க்கவில்லை. இப்படி மரியாதை கொடுக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

பிப்ரவரி 6

கோதையின் அறைக்குப் போய்க் கேட்டேன். ஏன் என்னை உள்ளேயே நிற்க வைக்கிறாய்? எல்லாருக்கும் முன்னால் என்னைக் கட்டைப் பொம்மையாக்க வேண்டும் என்று எத்தனை நாளாக நினைத்திருந்தாய்?

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்துவிட்டுச் சொன்னாள். "முட்டிங்க்கா. வலது முட்டி."

"எவ சொன்னா?"

"ஒருத்தரும் சொல்லலீங்க. மொத நாளு மாடியில இருந்து எறங்குனீங்கல்ல. ஒவ்வொரு படிக்கும் ரெண்டு காலையும் வெச்சு எறங்குனீங்க. அன்னிக்குச் சாயங்காலமே ஒக்காந்து டிஃபென்ஸ மாத்திப் போட்டேன்."

கட்டிலில் உட்கார்ந்தேன்.

"நீங்க வலது பக்கம் திரும்பறதுக்கு நேரமாகுது. அங்கதான் அபி நிக்கறா. அவ ஆள இன்னொருத்தி பாத்துக்கறா. அவ ஆள இன்னொருத்தி. நாலு பேரும் அதுக்குத்தானுங்க ஓடறாங்க."

"நான் கேட்டனா?"

"கேக்க மாட்டீங்கன்னு தெரியும். எங்க கண்ணுக்குத் தெரிஞ்சது கொச்சிக்காரிக்குத் தெரியாதுங்களா? எல்லாருமே உங்க பக்கந்தான் வர்றாங்க."

"அப்ப என்னயத் தூக்கிரு. வேற சென்டரப் போடு."

அவளுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. "தூக்கறதுக்கா இவ்வளவு பாடுபட்டேன்? கூடைக்கிட்ட உங்கள மாதிரி நிக்கறவ இந்த லீக்லயே கெடையாதுங்க. கால் போனாப் போவுது. வாய் இருக்குதுல்ல? மைதானம் பூரா உங்களுக்குத்தான் தெரியுது. பாக்கறீங்க. சொல்ல மாட்டீங்கறீங்க. சொல்லீருந்தா அந்தப் புள்ள பல்லு இருந்திருக்கும்."

எழுந்து வந்துவிட்டேன். டவல் எடுத்துக் கொடுத்தவள்.

பிப்ரவரி 7

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 9

இன்று பயிற்சியில் கத்தினேன். கோதையின் சங்கேதச் சொற்களை எல்லாம் என்னால் மனப்பாடம் செய்ய முடியாது. எனக்குத் தெரிந்த பாஷையில் கத்தினேன். "ஏளா, வலத்த ஒருத்தி வாரா! முட்டிராத, ஒதுங்கு! ஒதுங்குன்னேன்!"

ஒரு நொடி எல்லோரும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு. நெல்லைத் தமிழ் இவர்களுக்குச் சினிமா காமெடி. சிரிக்கட்டும். ஆனால் அபி ஒதுங்கினாள். திரும்பிப் பார்க்காமலே ஒதுங்கினாள். ஸ்கிரீன் வைக்க வந்தவள் ஆளில்லாத இடத்தில் கம்பம் மாதிரி நின்றாள்.

தொண்டை கட்டிவிட்டது. மிளகுப்பால் கேட்டால் மெஸ்காரர் மிளகாய்ப்பொடி போட்டுத் தந்துவிடுவார். வெந்நீர் குடித்தேன்.

பிப்ரவரி 18

சென்னையோடு ஜெயித்தோம். நாற்பத்தொன்பது புள்ளிக்குள் அவர்களை மடக்கினோம். என் பிளாக் ஒன்றே ஒன்று.

சென்னியப்பன் ஆட்டம் முடிந்து வந்து, "என்னங்க மேடம், கையே தூக்க மாட்டீங்கறீங்க? போஸ்டர்ல உங்க படந்தான் போட்டிருக்குது," என்றார். எதிரணி கூடைப் பக்கம் வரவே இல்லை, வராதவளை எப்படித் தட்டுவது என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. அவரிடம் விளக்குவதும் போஸ்டரிடம் விளக்குவதும் ஒன்று. ஒன்றரை மாதத்துக்கு முன் இதே ஆள் ஓர் உருப்படியான வார்த்தை சொன்னதாக எழுதி வைத்திருக்கிறேன். அன்றைக்கு வெயில் அதிகம்.

பிப்ரவரி 24

நாலாவது வெற்றி. அபிக்குப் புதுப்பல் கட்டியாயிற்று. சற்று வெள்ளையாக இருக்கிறது. கண்ணாடியில் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறாள். பார்க்கச் சகிக்கவில்லை.

இன்று என்னைத் தாண்டி ஒருத்தி போனாள். துரத்தவில்லை. அபி அவளை மறிக்கப் போனாள், அபி விட்டுவந்தவளை நான் பிடித்தேன். பந்து வருமென்று அவள் கையை நீட்டிக்கொண்டிருந்தாள், என்னைப் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டாள். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

மார்ச் 2

அரையிறுதி ஜெயித்தோம். ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். கொச்சி. அவர்கள்தான் வருவார்கள் என்று தெரியும்.

கால் வீக்கம் கொஞ்சம் உண்டு. முட்டு என்று எழுதினால்தான் என்ன, முட்டு வீங்கியிருக்கிறது. கோதையே வந்து கட்டுப் போட்டுவிட்டாள். "ஆட முடியுங்களா?" என்றாள். "நிக்க முடியும், கத்த முடியும்," என்றேன். "போதுமுங்க்கா," என்றாள். கட்டுப் போடவும் தெரியவில்லை அவளுக்கு, பிரித்து நானே போட்டுக்கொண்டேன்.

மார்ச் 8

முடிந்தது. காபி குடித்துவிட்டு எழுதுகிறேன்.

கடைசி வரை ஒன்றிரண்டு புள்ளிதான் வித்தியாசம். முடியப் போகிற நேரம், நாங்கள் ஒரு புள்ளி முன்னால். பந்து ஜிஷா கையில். எதிரில் அபி. ஊரைச் சுற்றிப் பார்க்கிற அதே நடை. அவர்களுடைய சென்டர் என்னை விட்டுவிட்டு மேலே போகத் தொடங்கினாள், ஸ்கிரீன் வைக்க. நான் உள்ளேயே நிற்பேன், ஜிஷா வெளியிலிருந்து போடுவாள். ஜிஷாவுக்குத் தெரியும். அரங்கத்துக்கே தெரியும். கோதையும் உள்ளே நிற்கத்தான் சொல்லியிருந்தாள்.

எனக்கு ஜிஷாவின் தோள் தெரிந்தது. போடத் தயாராகிவிட்ட தோள். உள்ளே நின்றால் முடிந்தது கதை.

"அபீ! மாத்து! ஒன் ஆளு எனக்கு, என் ஆளு ஒனக்கு, மாத்துட்டீ!"

வெளியே போனேன். ஜிஷா போட எடுத்த பந்தைக் கீழே இறக்கினாள். என்னைப் பார்த்தாள். என் வலது காலைப் பார்த்தாள். சிரித்தாளா என்று தெரியாது, சிரித்த மாதிரி இருந்தது. வலது பக்கமாகத் தாண்டினாள். நான் திரும்புவதற்குள் போய்விட்டாள்.

பின்னாலிருந்து எட்டியிருந்தால் பந்து கையில் பட்டிருக்கலாம். கை அந்தப் பக்கம் போகத்தான் பார்த்தது. என் உடம்பு பதினைந்து வருடமாக அதைத்தான் செய்திருக்கிறது. "அபீ, உள்ள வாரா!" என்று கத்திவிட்டு நான் எதிர்ப்பக்கம் ஓடினேன். ஓடினேன் என்று சொல்லக் கூடாது, இழுத்துக்கொண்டு போனேன். அங்கே அந்த ஆறடிக்காரி, அபி விட்டுவிட்டுப் போனதால் கூடைக்கு அடியில் தனியாக, இரண்டு கையும் தூக்கிக்கொண்டு நின்றாள். ஜிஷா பந்தை அவளிடம் தள்ளத்தான் இருந்தாள். கண் அந்தப் பக்கம் வந்தது. அங்கே என் முதுகும் என் இரண்டு கையும் இருந்தன. அரை நொடி. பந்தைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். யோசித்துக்கொண்டே போய் அபியின் நெஞ்சில் மோதினாள்.

அபி விழுந்தாள். அசையாமல் நின்று வாங்கிய அடி. விசில். அசையாமல் நிற்பவள் மேல் மோதினால் தப்பு மோதினவளுடையது, ஜிஷாவின் ஃபவுல். பந்து எங்களுக்கு. மிச்சமிருந்த நொடிகளும் ஓடி முடிந்தன, ஜெயித்தோம்.

அரங்கமே அபியின் மேல் விழுந்தது. சென்னியப்பன் பட்டுச் சட்டையோடு மைதானத்துக்குள் ஓடி வழுக்கி விழுந்தார். நான் எங்கே நின்றேனோ அங்கேயே நின்றேன், கால் நகரவில்லை. கோதை மட்டும் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் என்னிடம் வந்தாள். என் கையைத் தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். குள்ளமாக இருப்பதில் ஒரு சௌகரியம், ஊன்றிக்கொள்ள வாகாக இருந்தாள்.

அபி கூட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்தாள். "பல்லு இருக்கான்னு பாருங்கக்கா!" என்று வாயைத் திறந்து காட்டினாள்.

"இருக்குட்டீ," என்றேன். இருந்தது.

லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரி விருதைக் கொச்சி சென்டருக்குக் கொடுத்தார்கள். பிளாக் எண்ணிக்கையாம். அந்த மரத்துக்கு.

ஒரு நிருபர் மைக்கை நீட்டினார். "மேடம், கடைசியில ஜிஷா உங்களத் தாண்டிப் போனப்ப நீங்க தொரத்தாம எதிர்ப்பக்கம் போயிட்டீங்களே, ஏன்? கால்ல எதுவும் பிரச்சினையா?"

"ஆமா. முட்டு போயிட்டு. ரெண்டு வருசமாச்சு," என்றேன்.

பக்கத்தில் நின்ற கோதை தலையைக் குனிந்துகொண்டாள். நிருபர் எதையோ குறித்துக்கொண்டு அபியைத் தேடிப் போனார்.

மார்ச் 9

பேப்பர் வாங்கினேன். விளையாட்டுப் பக்கத்தில் அரைப் பக்கம். அபியைப் பற்றிப் பத்தி பத்தியாகப் புகழ்ச்சி. கோதைக்கு இரண்டு வரி. என்னைப் பற்றி: "நட்சத்திர வீராங்கனை பியூலா இறுதி ஆட்டத்தில் சோபிக்கவில்லை. ஒரு பந்தைக்கூடத் தடுக்கவில்லை."

ஒரு பந்தைக்கூட வரவிடவில்லை, முட்டாளே. வந்திருந்தால்தானே தடுப்பதற்கு? வராத பந்தைப் பார்க்க ஒரு கண் வேண்டும், அது பேப்பர் ஆபீஸில் கிடைக்காது.

பெரிய படம் போட்டிருக்கிறார்கள். ஜிஷா மோதுகிறாள், அபி பின்னால் சரிகிறாள், புதுப்பல் பளிச்சென்று தெரிகிறது. படத்தின் இடது ஓரத்தில், அறுந்த மாதிரி, ஒரு முழங்கை. அது என்னுடையது. ஃபோட்டோ எடுத்தவன் இன்னும் இரண்டடி தள்ளி நின்றிருக்கலாம். அவனுக்கு எங்கே தெரியும்.

படத்தை வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். அபி கேட்டாலும் கேட்பாள். ஓரம் பிசகாமல் வெட்ட வேண்டியிருந்ததால் மெஸ்ஸிலிருந்து நல்ல கத்தரிக்கோல் வாங்கி வரச் சொன்னேன்.